பழைய ஜீப்பில் கியர்பாக்ஸ் மாற்றும்போது எங்கே இடிக்கும், எதை முதலில் அளக்க வேண்டும்

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்றைப் பற்றிய கேள்வி இது. வண்டி மஹிந்திரா சிஜே3பி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றி வெகுநாளாகிறது. கியர்பாக்ஸ் மட்டும் பழைய மூன்று கியர் டி-90, அதன் பின்னால் டி-18 (டானா 18) டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் செகண்ட் கியர் எகிறி நியூட்ரலில் விழுகிறது. கோவை உக்கடத்தில் டூ வீல் டிரைவ் வண்டியிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பாக்ஸ் ஒன்று மலிவாக வருகிறதாம். "ஒரு பிளேட் போட்டு மாட்டிடலாம்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாட்டலாமா, மாட்டினால் என்ன தொல்லை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாக்ஸை வாங்காதீர்கள். ஐந்து கியர் போடவே கூடாது என்று சொல்லவில்லை. டூ வீல் வண்டியின் பாக்ஸ் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேராது, அவ்வளவுதான். டி-18 கியர்பாக்ஸின் முதுகிலேயே நேராக உட்காரும் ரகம். பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்பக்கம் நீண்டு டிரான்ஸ்ஃபருக்குள் நுழைகிறது. அதன் ஸ்ப்ளைனில்தான், அதாவது ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டிய பற்களில்தான், டிரான்ஸ்ஃபரின் முதல் கியர் ஏறி, காட்டர் பின் (நட் தளராமல் தடுக்கும் கம்பி) போட்ட நட்டால் இறுகுகிறது. டூ வீல் பாக்ஸில் அந்த வால் வேறு மாதிரி இருக்கும். நீளமான டெயில் ஹவுசிங், புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கான ஸ்ப்ளைன் அல்லது ஃபிளாஞ்ச், அத்தோடு முடிந்துவிடும். மெயின் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடினப்படுத்திய ஷாஃப்ட் வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். லோ கியரில் சுமையோடு ஏறும்போது சரியாக அங்கேதான் முறியும்.

புதுப் பாக்ஸ் தேடுவதற்கு முன்னால், இருக்கிற பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். டி-18-இன் பின்முகத்தில், கியர்பாக்ஸின் நேர்கோட்டில், ஒரு வட்ட மூடி இருக்கும். பிடிஓ (வேறு கருவிகளுக்கு எஞ்சின் விசையை எடுக்கும் இணைப்பு) பொருத்துவதற்காக விட்ட வாய் அது. டிரான்ஸ்ஃபர் ஆயிலை வடித்துவிட்டு அந்த மூடியைக் கழற்றினால் மெயின் ஷாஃப்ட் நட் நேராகத் தெரியும். காட்டர் பின் அறுந்து அந்த நட் தளர்ந்திருந்தால், மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும்போது ஷாஃப்ட் நகர்ந்து செகண்ட் எகிறும். நட்டை இறுக்கிப் புதுக் காட்டர் பின் போட்டாலே தீரக்கூடிய கோளாறு இது. அது சரியாக இருந்தால் டாப் கவரைத் திறந்து ஷிஃப்ட் ரெயிலின் பந்து, ஸ்பிரிங், ஃபோர்க்கின் தேய்மானம், செகண்ட் கியரின் நாய்ப்பல் (கியரைப் பூட்டும் சிறு பற்கள்) முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். பல் முனைகள் உருண்டு போயிருந்தால் மட்டும் பாக்ஸைப் பிரித்துப் பாகம் மாற்றுவதா, வேறு பாக்ஸ் போடுவதா என்ற யோசனைக்கு வரலாம்.

வேறு பாக்ஸ்தான் என்று முடிவானால் ஃபோர் வீல் வண்டியிலிருந்து கழற்றியதாகத் தேடுங்கள். பாக்ஸை மட்டும் வாங்கி வராதீர்கள். பெல் ஹவுசிங் (கிளச்சை மூடி எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளச் ஃபோர்க், ரிலீஸ் பேரிங், அது நகரும் ஸ்லீவ், கிளச் பிளேட், மவுண்டிங் பிராக்கெட், கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் வார்ப்பு என்று கூட வந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். இதில் விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் பிறகு லேத்தில் தனித்தனியாகக் காசு அழ வேண்டியிருக்கும். கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை வளையத்தை (சிங்க்ரோ ரிங்) கியரின் கூம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் புதிதாக இருக்கும்போது அந்த இடைவெளி ஒரு மி.மீ. அளவில் இருக்கும். அரை மி.மீ.க்கு இறங்கியிருந்தால் வளையம் மாற்றாமல் பயனில்லை.

ஐந்து கியர் என்றதும் டாப் கியரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மலையில் உழைக்கப்போவது ஃபர்ஸ்ட் கியர். டி-90-இன் ஃபர்ஸ்ட் விகிதம் 2.8, டி-18-இன் லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 37 சுற்றுச் சுற்றுகிறது. நீங்கள் பார்க்கும் பாக்ஸின் ஃபர்ஸ்ட் 4 என்றால் இது 53 ஆகும். தேயிலை மூட்டையோடு ஈர மண்ணில் ஏறும் வண்டிக்கு அது பெரிய வரம். விகிதத்தைக் கடைக்காரர் வாய்ச்சொல்லில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்புட் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, ஃபர்ஸ்டில் போட்டு, பின் ஷாஃப்ட் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை இன்புட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். பத்தால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை.

இனி முன்பக்கம். மாற்றிய பாக்ஸ்கள் சீக்கிரம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாக்ஸுக்குள்ளே இருப்பதில்லை. எஞ்சினும் பாக்ஸும் சேரும் முகத்தில் இருக்கிறது. போல்ட் ஓட்டைகள் பொருந்திவிட்டால் பாக்ஸ் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் அங்கே நடக்கும் தவறு.

முதலில் ஸ்ப்ளைன். கிளச் பிளேட்டின் நடு ஓட்டை புதுப் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் கையாலேயே வழுக்கி ஏறி இறங்க வேண்டும். எங்காவது பிடித்தால் கிளச் முழுசாகப் பிரியாது. எஞ்சினின் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் ஏற்ற விட்டம், பாக்ஸுக்கு ஏற்ற ஸ்ப்ளைன், இரண்டும் ஒரே கிளச் பிளேட்டில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கிளச் ரிப்பேர் செய்யும் இடத்தில் நடு ஹப்பை மாற்றி ரிவெட் அடித்துத் தருவார்கள். அப்படிச் செய்தால் பிளேட்டை ஷாஃப்ட்டில் மாட்டிச் சுழற்றி, முகம் ஆடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து பைலட் புஷ். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைக் குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. புஷ்ஷின் வெளிவிட்டம் எஞ்சினுக்கு, உள்விட்டம் பாக்ஸுக்கு. இரண்டும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவை என்பதால், இது கடையில் தயாராகக் கிடைக்காது. வெண்கலத்தில் கடைந்துகொள்ள வேண்டும். மூக்குக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விடுங்கள். எண்ணெய் உறிஞ்சும் சின்டர்டு புஷ் என்றால் எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள், கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸ் நுண்துளைகளை அடைத்துவிடும். இந்த புஷ் இறுக்கமாக இருந்தால் கிளச்சை மிதித்தாலும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். ரிவர்ஸ் கடிக்கும். பெடலை எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் அது போகாது.

மூன்றாவது ஆழம். இதைத்தான் அதிகம் பேர் அளக்காமல் விடுகிறார்கள். பெல் ஹவுசிங் பாக்ஸோடு மாட்டியிருக்க, அதன் எஞ்சின் பக்கத்து முகத்தில் ஒரு நேர்ச்சட்டம் வைத்து, மூக்கின் நுனி அந்த முகத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வெர்னியரில் எடுங்கள். எஞ்சின் பக்கத்திலும் பிளாக்கின் பின்முகத்திலிருந்து கிராங்க் குழியின் அடிவரை அளவெடுங்கள். எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் பிளேட் வந்தால் அதன் கனத்தையும் கணக்கில் சேருங்கள். மூக்கு புஷ்ஷுக்குள் குறைந்தது 12 மி.மீ.யாவது இருக்க வேண்டும். குழியின் அடியில் 3 மி.மீ.யாவது காலியாக இருக்க வேண்டும். மூக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கும்போது போல்ட்டைப் போட்டு இழுத்தால், ஒன்று பெல் ஹவுசிங்கின் காது உடையும், இல்லையென்றால் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டுத் திரஸ்ட் வாஷர் தேயும். இரண்டாவது நடந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். பாக்ஸ் ஏற்றும் முன்னும் ஏற்றிய பின்னும் கிராங்க் புல்லியை நெம்பி அதன் அசைவை டயல் கேஜில் பாருங்கள். அளவு மாறவே கூடாது. பாக்ஸ் கை அழுத்தத்திலேயே முகத்தோடு முகம் உட்கார வேண்டும். கடைசி ஐந்தாறு மி.மீ.யைப் போல்ட்டால் இழுக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

நான்காவது நடுமையம். பெல் ஹவுசிங்கை எஞ்சினின் மையத்தில் நிறுத்துவது போல்ட் இல்லை, ஆட்டமில்லாமல் துளையில் உட்காரும் இரண்டு டவல் பின்கள்தான். போல்ட் ஓட்டையில் எப்போதும் ஆட்டம் உண்டு. அடாப்டர் பிளேட்டைப் பெயின்ட் தடவி, அட்டையில் அச்செடுத்து, டிரில் போட்டால் ஒரு மி.மீ. வரை விலகும். அதற்கு டவல் பின்னும் இருக்காது. கோவையில் போரிங் மில்லிங் வசதி உள்ள நல்ல பட்டறைகள் இருக்கும்போது கைக்கணக்கில் பிளேட் அடிக்கத் தேவையே இல்லை. பிளேட்டும் பெல் ஹவுசிங்கும் எஞ்சினில் முழுசாக இறுக்கிய பிறகு, கிளச்சைப் போடுவதற்கு முன், டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத் துளையின் உள்சுவரில் தொடவையுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் இலகுவாகச் சுற்றும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த வித்தியாசம் 0.25 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. டயல் காட்டுவதில் பாதிதான் உண்மையான விலகல். 0.6 காட்டினால் 0.3 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று பொருள். அந்த விலகலைச் சரிக்கட்டும்படி மையம் தள்ளிக் கடைந்த டவல் பின் போட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அதே கேஜை வைத்துப் பின்முகம் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த விலகலோடு ஓடும் வண்டியில் பைலட் புஷ் நீள்வட்டமாகும், கிளச் பிளேட்டின் ஹப் விரியும், இன்புட் பேரிங் இரையும், டாப் கியர் எகிறும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோளாறாக நினைத்துப் பாகம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிளேட் வைத்தால் இன்னும் இரண்டு இடத்தில் கணக்கு மாறும். ஸ்டார்ட்டர் பெல் ஹவுசிங்கில் மாட்டும் ரகமாக இருந்தால், பிளேட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு பினியன் பின்னால் போய்விடும். ரிங் கியரின் பல்லில் ஓரமாகக் கடித்துப் பல்லைத் தின்னும். ஓய்வில் பினியனுக்கும் ரிங் கியருக்கும் நடுவே 3 மி.மீ. அளவு இருக்கும்படி ஸ்டார்ட்டரின் இருக்கையைக் கடைந்து சரிசெய்ய வேண்டும். மற்றது ரிலீஸ் பேரிங். கிளச் விரல்களுக்கும் பேரிங்குக்கும் ஓய்வில் 2 மி.மீ. விலகல் வேண்டும். பாதி மிதியில் ஃபோர்க் தள்ளுகோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் ஃபோர்க் ஊன்றும் பந்தின் உயரத்தை மாற்றுங்கள், தள்ளுகோலை நீட்டிச் சமாளிக்காதீர்கள். கம்பி இணைப்புக் கிளச் உள்ள பழைய ஜீப்பில் டீசல் எஞ்சின் குலுங்கும்போது கிளச்சும் சேர்ந்து இழுபடும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தொய்ந்திருந்தால் அதையும் இதோடு மாற்றிவிடுங்கள்.

பாக்ஸின் நீளம்தான் இந்த வண்டியில் பெரிய சிக்கல். சிஜே3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். பாக்ஸ் 80 மி.மீ. நீளமானால் டிரான்ஸ்ஃபர் கேஸ் 80 மி.மீ. பின்னால் போகும். பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த அளவுக்குக் குட்டையாக வேண்டும், முன் ஷாஃப்ட் அதே அளவுக்கு நீளமாக வேண்டும். முன் ஷாஃப்ட்டுக்கு இது நல்லது, சாய்வு குறையும். பின் ஷாஃப்ட்டுக்குக் கெடுதல். 600 மி.மீ. ஷாஃப்ட் 180 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சாய்வு 17.5 டிகிரி. 80 மி.மீ. போய்விட்டால் அதே இறக்கத்துக்கு 20 டிகிரி. உயரமான ஸ்பிரிங் பட்டையும் போட்டிருந்தால் இன்னும் ஏறும். யுஜே (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ் சூடாகி, ஊசி பேரிங் பொடியாகி, வளைவில் கழன்று விழுவதெல்லாம் இதனால்தான். இரண்டு முனையிலும் சாய்வு ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்கட்டும். சமமில்லாவிட்டால் ஸ்பிரிங் இருக்கைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்து டிஃபரன்ஷியலின் மூக்கைத் தூக்க வேண்டும். ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்க்கும்போது இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பேலன்ஸ் செய்து வாங்குங்கள். சக்கரம் தொங்கும்போதும், ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போதும் ஸ்லிப் ஜாயின்ட்டில் இரு பக்கமும் 25 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும். சமதரையில் மட்டும் அளந்துவிட்டு எஸ்டேட் பாதையில் இறங்கினால் முதல் ஓடைப் பள்ளத்திலேயே ஷாஃப்ட் பிடுங்கிக்கொள்ளும்.

சிலர் பாக்ஸோடு கூடவே வரும் புது டிரான்ஸ்ஃபர் கேஸையும் போட்டுவிடலாம் என்பார்கள். இந்த வண்டியில் முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டும் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளியிருக்கின்றன. டி-18-இன் ஷாஃப்ட் வாயும் அதே பக்கம். நடுவில் வாய் உள்ள டிரான்ஸ்ஃபரைப் போட்டால் ஷாஃப்ட் கீழ்ச்சாய்வோடு பக்கச்சாய்வும் சேர்ந்து வாங்கும். அதைவிட முக்கியமானது ஹேண்ட் பிரேக். அதன் டிரம் டி-18-இன் பின்வாயில்தான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபரைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். நீலகிரியின் சரிவுகளில் ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியைச் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்திக் காலம் தள்ளுவதை யாரும் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. டி-18-ஐ வைத்துக்கொண்டால் ஸ்பீடோமீட்டர் கேபிளும் அங்கேயே இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

அடிக்கட்டைப் பொறுத்தவரை கிராஸ் மெம்பரைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். ஓட்டையை சேஸிஸ் சட்டத்தின் பக்கச்சுவரில் போடுங்கள், மேல் கீழ் விளிம்பில் போடாதீர்கள், குறுக்கே வெல்டும் இழுக்காதீர்கள். சுமையும் முறுக்கும் விளிம்பில்தான் விழுகிறது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஃப்ளோர் தகட்டில் லீவருக்கு வெட்டும் ஓட்டை எல்லாக் கியரிலும் சுற்றி 15 மி.மீ. விட்டிருக்க வேண்டும். லீவர் தகட்டில் இடித்து நின்றால் கியர் முக்கால்வாசிதான் விழுந்திருக்கும். பார்வைக்கு விழுந்தது போலத் தெரியும், சுமையில் எகிறும். பாக்ஸையே குறை சொல்லித் திரும்பக் கழற்றுவதற்கு முன் ரப்பர் பூட்டைத் தூக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஆயிலில் இரண்டு விஷயம். பித்தளை வளையம் உள்ள பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில்தான், ஆக்சிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 வேண்டாம். ஊட்டி, அவலாஞ்சி பக்கம் உறைபனிக் காலையில் வண்டி எடுப்பவர்கள் வெறும் 90-ஐ விட 80டபிள்யூ-90 போட்டால் காலைக் கியர் இலகுவாக விழும். டி-18-உடன் சேரும் பாக்ஸ்களில், நடு பேரிங் வழியாக ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போகும். ஒன்று வற்றும், மற்றது நிரம்பி வழியும். அதனால் மாற்றிய புதிதில் இரண்டின் மட்டத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இன்புட் பக்கத்து பேரிங் கவரில் ஆயில் திரும்பும் துளை இருந்தால் அது கீழே வர வேண்டும், பேக்கிங் அதை மூடக் கூடாது. மூடினால் இறக்கத்தில் ஆயில் கிளச்சுக்குள் போகும். பிரீதர் (பாக்ஸின் காற்றுத் துளை) அடைத்திருந்தாலும் சீல் வழியாக ஆயில் தள்ளும், மழைக்காலச் சேற்றில் ஓடிய வண்டியில் அதைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

ஆர்சி புத்தகத்தில் டீசல் எஞ்சின் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் கேட்கிறது. அது இல்லாத வண்டியில் இவ்வளவு செலவு செய்வதற்கு முன் அதை முடித்துவிடுவது நல்லது.

எல்லாம் மாட்டிய பிறகு, முதல் ஓட்டத்தைக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வைக்காதீர்கள், தாண்டிக்குடி இறக்கத்திலும் வேண்டாம். பட்டறை வாசலிலேயே எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளச்சை மிதித்து ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கடித்தால் கிளச் பிரியவில்லை, அல்லது பைலட் புஷ் பிடிக்கிறது. அப்படியே ரோட்டுக்கு எடுக்காதீர்கள். கடிக்காவிட்டால், ஆளில்லாத சின்னச் சரிவொன்றில் செகண்டில் இறங்கி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டும் பிடித்தும் பாருங்கள். லீவரில் கை வைக்காமல் கியர் நிற்க வேண்டும். முதல் 300 கிலோமீட்டருக்குப் பிறகு பெல் ஹவுசிங், கிராஸ் மெம்பர், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி, பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் விரல் விட்டுப் பாருங்கள். கறுப்பு ஆயில் என்றால் கிராங்க் பின் சீல், கியர் ஆயில் வாடை அடித்தால் பாக்ஸின் முன் கவர்.